மருத்துவ பீடத்தின் சுவரைத் தட்டியது

நான் ஒரு மருத்துவ பீடத்தை உடைத்திருக்கிறேன். முழுவதும் அல்ல. ஒரு துண்டு.

நான் மேசன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுச் சாந்தகப்பையைப் பிடித்தவன். என் மகள் ஷிபானா உயர்தரப் பரீட்சையில் நல்ல புள்ளி எடுத்தாள். டொக்டராகலாம் என்றார்கள். ஆனால் பழைய, பேர்போன பீடங்களுக்கு அந்தப் புள்ளி எட்டாது. புதிதாகத் தொடங்கிய இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும். எது முதலாவது, எது இரண்டாவது என்று விண்ணப்பத்தில் எழுத வேண்டும். அனுப்பினால் அனுப்பியதுதான். ஐந்து வருஷம் அங்கேதான்.

நேரில் பார்த்துத்தான் முடிவு என்றேன். எங்கள் ஊர் சாய்ந்தமருதில் மகளைக் கட்டிக் கொடுப்பதென்றால் வீடும் கட்டிக் கொடுக்க வேண்டும். அதனால் மகள் விஷயம் என்றால் எங்களுக்கு முதலில் சுவர்தான் கண்ணில் படும். (சுனாமியில் கடல் வந்து போன பிறகு இன்னும் மோசம்.)

புறப்படும்போது என் பெண்சாதி ஒன்றுதான் சொன்னாள்.

"புள்ளட வாழ்க்க. பாருங்க, கேளுங்க. ஒண்டயும் தொட்டுறாதீங்க."

முதல் பீடத்தில் ஒரேயொரு கட்டிடம் முடிந்திருந்தது. தட்டினேன். இரும்பு. இப்படிப் பூச்சு நான் என் வீட்டுக்கே பூசவில்லை. மகள் கொப்பியைத் திறந்து வைத்துக்கொண்டு கேள்வி கேட்டாள். விரிவுரையாளர் எத்தனை பேர்? வருவார்கள். ஆய்வுகூடம்? வரும். ஆஸ்பத்திரி? பேசிக்கொண்டிருக்கிறார்கள். அவள் முகம் சுருங்கியது. எனக்கு அது பெரிதாகப் படவில்லை. சுவர் இருக்கிறது, ஆள் வராமலா போவார்கள்?

அடுத்த நாள் இரண்டாவது. நாலு மாடி, கண்ணாடி, லிஃப்ட். எனக்கு அப்போதே சந்தேகம். மகள் உள்ளே போய்க் கதைத்துக்கொண்டிருந்தாள். நான் நடைபாதைச் சுவரை விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போனேன். மூன்று சுவர் தட்டினேன். இரண்டு கதவு திறந்தது. ஒன்றில் வகுப்பு நடந்துகொண்டிருந்தது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு அடுத்ததைத் தட்டினேன்.

வாசலில் ஒரு பளிங்குக் கல். ஒரு மந்திரி தன் பெயர் பொறித்துத் திரை நீக்கிய கல். அதன் பக்கத்தில் தட்டினால், உள்ளே ஒன்றும் இல்லாதது போல் பொள்ளென்று கேட்டது. உள்ளங்கையால் இலேசாக அமத்தினேன். (இலேசாகத்தான். அல்லாஹ் அறிவான்.) பூச்சும் கல்லும் சேர்ந்தே வந்தன. பூச்சு கீழே விழுந்தது. கல்லை நெஞ்சோடு பிடித்துக்கொண்டேன். அரை மூடை சீமெந்துக் கனம். கீழே வைத்தால் உடையும். தூக்கிக்கொண்டு நிற்பதைத் தவிர வேறு வழியில்லை.

வாசல் காவலாளி ஓடி வந்து, மந்திரியை எங்கே கொண்டு போகிறாய் என்று கேட்டான். மகளும் வந்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு கொப்பியைப் பார்த்தாள். அவளோடு வந்தவர் பீடாதிபதி. வயதான சிங்களப் பெண் டொக்டர்.

என் சிங்களம் கட்டிட வேலையில் பழகியது. அதில் தூக்கு, தள்ளு, கொத்து மட்டும்தான் உண்டு. அதை வைத்து, இந்தச் சுவர் சரியில்லை என்று அவருக்கு விளக்கினேன். எப்படித் தெரியும் பாஸ் என்று கேட்டார். (மேசனை அவர்கள் பாஸ் என்றுதான் கூப்பிடுவார்கள்.) கல்லைக் காவலாளியிடம் கொடுத்துவிட்டுத் தட்டிக் காட்டினேன். இது நல்ல இடம். இது கெட்ட இடம்.

அவர் இடது கையைச் சுவரில் விரித்து வைத்தார். அதன் நடுவிரல் மேல் வலது கை விரலால் தட்டினார். டக், டக், பொள். சரியாக அந்த இடத்தில் நிறுத்தினார். எனக்கு ஆச்சரியம்.

"மேடம் எங்கே மேசன் வேலை பழகினீங்க?" என்று கேட்டேன்.

"ஆஸ்பத்திரியில், பாஸ். நோயாளியின் நெஞ்சில்" என்றார்.

மகள் சிரித்தாள். அந்தப் பயணத்தில் முதல் தடவை.

பின்னேரம் வரை இருந்து, அவர்களிடமே சீமெந்து வாங்கிக் கல்லைத் திரும்பப் பதித்தேன். பஸ்ஸில் தீர்ப்புச் சொன்னேன்.

"இது சரி வராது. மத்தத முதலாவதாப் போடு மகள்."

"ஓம் வாப்பா" என்றாள்.

கடிதம் வந்தபோது பார்த்தால், கல் விழுந்த பீடம். அவள் அதைத்தான் முதலாவதாகப் போட்டிருந்தாள். ஏன் என்று கேட்டேன்.

"செவரு படிச்சித் தராது வாப்பா. அந்த மேடம் தருவா."

ஐந்து வருஷமும் அங்கே அவளுக்குப் பெயர் இல்லை. பாஸின் மகள். அந்தச் சுவரை அதற்குள் மூன்று தடவை திரும்பப் பூசினார்களாம். கல் மட்டும் அசையவில்லையாம். (இதை நான் எல்லோரிடமும் சொல்வேன். யாரும் கேட்பதில்லை.)

இப்போது அவள் டொக்டர். போன மாதம் லீவில் வந்திருந்தாள். எனக்குப் பத்து நாளாக இருமல். பீடியை விட்டு ஒரு வருஷம் என்று வீட்டில் சொல்லி வைத்திருந்தேன். சேர்ட்டைக் கழற்றச் சொல்லிக் கதிரையில் இருத்தினாள். முதுகில் கையை விரித்து விரலால் தட்டினாள். டக், டக். ஓரிடத்தில் நிறுத்தித் திரும்பவும் தட்டினாள். எனக்கே அந்தப் பொள் கேட்டது.

"உம்மா" என்று குசினிப் பக்கம் திரும்பிச் சொன்னாள், "வாப்பா பீடிய விடல்ல."

பெண்சாதி எட்டிக்கூடப் பார்க்காமல் சொன்னாள்.

"கவனமாத் தட்டு மகள். கல்லு விழுந்தா நான்தான் புடிக்கணும்."