ஒரே அச்சு யார்க்‌ஷயர் புட்டிங்

உலக நாகரிகத்துக்கு எங்கள் மாவட்டம் அளித்த மாபெரும் கொடை யார்க்‌ஷயர் புட்டிங். இதில் இரண்டாவது கருத்துக்கு இடமே இல்லை. மாவு, முட்டை, பால் மூன்றையும் கலக்கி, புகையும் மாட்டுக் கொழுப்பில் ஊற்றி அடுப்புக்குள் தள்ளினால் குபுக்கென்று எழும்பும். நடுக்குழியில் குழம்பை ஊற்றிச் சாப்பிட வேண்டும். இந்த மகத்தான கலையைக் காப்பாற்றுவதற்காகவே எங்கள் ஊர் நெதர் கெல்பியில் ‘வீட்டுச் சமையல் பாதுகாப்புச் சங்கம்’ இயங்கி வருகிறது. அடியேன் அதன் செயலாளர்.

பாதுகாப்பு என்பது லேசான வேலை அல்ல. கூட்டம், துணைக்குழு, துணைக்குழுவைக் கண்காணிக்க இன்னொரு குழு என்று ஓடிக்கொண்டிருப்பவர்களுக்குச் சமைக்க ஏது நேரம்? ஆகவே உறுப்பினர்கள் டவுனிலுள்ள பெரிய கடைக்குப் போய், ஆலையில் செய்து உறையவைத்த புட்டிங் பாக்கெட்டைக் கூடையில் போட்டு, அதன்மேல் பட்டாணிப் பாக்கெட்டை வைத்து மூடிக்கொள்வார்கள். அங்கே ஒருவரை ஒருவர் பார்த்துவிட்டால் மழை வருமா என்று பேசுவோம். ‘புட்டிங் எப்படிச் செய்தீர்கள்?’ என்று எங்கள் ஊரில் யாரும் கேட்க மாட்டார்கள். அது குடும்ப ரகசியம். எல்லாக் குடும்பத்துக்கும் அதே ரகசியம்தான்.

இந்த வருடம் ஊர் மண்டபத்தில் புதன்கிழமை மதியச் சாப்பாடு சமைத்துவந்த அம்மாள் வெளியூர் போய்விட்டார். புட்டிங் போட்டியில் ஜெயிப்பவருக்கே அந்தப் பொறுப்பு என்று சங்கம் தீர்மானித்தது. மறுநாளே டெஸ்மண்ட் ஓல்ராய்டு என் வீட்டுக் கதவைத் தட்டினான். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவன். போன வசந்தத்தில் மனைவியைப் பறிகொடுத்தவன்.

“எப்படியாவது அந்த வேலை எனக்குக் கிடைக்கணும், நார்மன். பெக்கி போனதுலேர்ந்து தனியாத்தான் சாப்பிடறேன். ரேடியோகூடப் பேசிக்கிட்டே எவ்வளவு நாள்தான் சாப்பிடறது?”

“போட்டிக்கு வாயேன். புட்டிங் யாரு செய்வா?”

“யாரு செய்வாவா? நான்தான் செய்வேன்!”

பதில் எனக்குக் கொஞ்சம் அநாகரிகமாகப் பட்டது.

போட்டி நாளன்று சங்கத் தலைவி திருமதி கிராப்ட்ரீ மூக்கு நுனியில் மாவோடு வந்தார். “அடுப்புல கையைச் சுட்டுக்கிட்டேன்” என்று விரலை ஊதிக்கொண்டார். மற்றவர்களும் விரலை ஊதினார்கள். மாவட்டத் தலைநகரிலிருந்து வந்திருந்த நடுவர் பெரிக்ரின் ஹோல்ட், வரிசையாக இருந்த தட்டுகளைப் பார்த்துக் கண்கலங்கினார்.

“எத்தனை வீடு, எத்தனை அடுப்பு! ஆனா ஒரே வட்டம், ஒரே உயரம், ஒரே நிறம். பாரம்பரியம்னா இதாங்க!”

கைதட்டினோம். கடைசித் தட்டு டெஸ்மண்டுடையது. ஒரு புட்டிங் புகைபோக்கி போல எழும்பியிருந்தது, ஒன்று பக்கத்திலிருந்ததன் தோளில் சாய்ந்திருந்தது, இன்னொன்றின் ஓரம் கருகியிருந்தது. நடுவர் ஒரு வாய் கடித்தார். கண்ணை மூடினார். முழுவதையும் தின்று முடித்துவிட்டுச் சொன்னார்:

“ரொம்ப... வித்தியாசமா இருக்கு.”

எங்கள் ஊரில் திட்டு வாங்கியவன் பிழைத்துக்கொள்வான். ‘வித்தியாசம்’ என்று பெயர் வாங்கியவன் பிழைத்ததாகச் சரித்திரம் இல்லை.

“ஒண்ணு மாதிரி ஒண்ணு இல்லையே, டெஸ்மண்ட்” என்றார் திருமதி கிராப்ட்ரீ வருத்தத்துடன். “ஒரு கட்டுப்பாடு வேணாமா?”

“மாவு தானா எழும்புது மேடம். அதை அதட்டியா உட்கார வைக்க முடியும்?”

பரிசும் புதன்கிழமையும் திருமதி கிராப்ட்ரீக்கே கிடைத்தன. முடிவைப் படித்துவிட்டு நிமிர்ந்தேன். டெஸ்மண்டின் தட்டு காலி. ‘ஆய்வு’ செய்யும் பொருட்டு நானே மூன்று எடுத்துக்கொண்டிருந்தேன்.

“எல்லாத்தையும் தின்னு தீர்த்துட்டீங்களேப்பா!” என்றான் டெஸ்மண்ட். முகம் மலர்ந்துவிட்டது. “அப்புறம் ஏன் எனக்குக் குடுக்கல?”

“நல்லா இருந்துச்சு, அதான் வம்பே. நீ நிஜமாவே சமைச்சுப் போட ஆரம்பிச்சா மத்தவங்க கதி என்ன ஆகும்? கொஞ்சமாவது யோசிச்சியா?” என்றேன்.

“மன்னிச்சுக்கப்பா” என்றான் டெஸ்மண்ட். எங்கள் ஊரில் மிதித்தவன் அல்ல, மிதிபட்டவன்தான் மன்னிப்புக் கேட்பான். காலித் தட்டைத் தூக்கிக்கொண்டு அவன் தனியாகப் போனதைப் பார்க்க எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது.

புதன்கிழமை மண்டபத்தில் கூடினோம். ஒரே வட்டம், ஒரே உயரம், ஒரே நிறம். “அருமை” என்றோம். அப்போது எதிர்வீட்டிலிருந்து கொழுப்பு பொரியும் வாசனை வந்தது. டெஸ்மண்டின் வீடு அது. அடுப்பங்கரை ஜன்னல் திறந்திருந்தது. அவன் சாப்பாட்டு மேஜையைச் சுற்றித் தட்டு வைத்துக்கொண்டிருந்தான், கையிலிருந்த அடுக்கு தீரும்வரை. பிறகு எங்களைப் பார்த்துக் கையை அசைத்தான்.

முள்கரண்டிகள் பாதி வழியில் நின்றுவிட்டன. ஒருவர் எழுந்திருந்தால் போதும், மண்டபமே எழுந்து தெருவைக் கடந்திருக்கும். ஆனால் முதல் ஆளாக எழுந்திருப்பது எங்கள் வழக்கம் இல்லை.

“குளிர்காத்து வருது, இல்ல?” என்றார் திருமதி கிராப்ட்ரீ மெல்ல.

வீட்டுச் சமையலுக்கு ஆபத்து நெருங்கிவிட்டது என்று எனக்குப் புரிந்தது. கடமை அழைக்கும்போது வழக்கம் பார்க்கலாமா? செயலாளர் என்ற முறையில் நான் ஒருவனே எழுந்தேன். எழுந்து போய், மண்டபத்து ஜன்னலைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன்.