மூட்டைகளுக்கு ஆட்சேபம் இல்லை

ஒரு விடுகதை போடுகிறேன். அவசரமில்லை, நிதானமாக யோசித்து விடை சொல்லுங்கள்.

ஒரே ஆறு. ஒரே படகு. படகின் முன்பாதியில் உட்கார்ந்தால் காசு. பின்பாதியில் உட்கார்ந்தால் காசில்லை. இரண்டு பாதியும் ஒன்றாகவே புறப்படும், ஒன்றாகவே கரை சேரும். விவரம் தெரிந்தவர்கள் எந்தப் பாதியில் உட்காருவார்கள்?

“இதென்ன கேள்வி, பின்பாதியில்தான்” என்கிறீர்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். நமக்கு விவரம் போதாது.

ஆற்றுக்கு இந்தப் பக்கம் வீடுகள். அந்தப் பக்கம் மருத்துவமனை, பள்ளிக்கூடம், வங்கி, சந்தை. பாலம் கட்டும் யோசனை ஒன்று உண்டு. அது யோசனையாகவே நல்ல முறையில் பராமரிக்கப்பட்டு வருகிறது. ஆகவே படகு. தட்டையான, அகலமான இரும்புப் படகு. இரண்டு முனையும் ஒரே மாதிரி இருக்கும். தலை எது, வால் எது என்று படகுக்கே தெரியாது. அக்கரை போனதும் அது திரும்புவதில்லை. படகோட்டி ஒரு முனைக் கூண்டிலிருந்து இறங்கி மறுமுனைக் கூண்டுக்கு நடந்து போவார். படகு அப்படியே இக்கரைக்குப் புறப்பட்டுவிடும். கட்டணம் கிடையாது.

இந்தப் படகில் தினமும் போகிறவர்களில் ஒரு தாயும் மகளும் உண்டு. அம்மாவுக்கு மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளை இஸ்திரி போடும் வேலை. மகளுக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் படிக்கும் வேலை. உருவத்தைப் பார்த்து எல்லாரும் அவளைப் பட்டாணி என்றார்கள். பட்டாணி காலையில் கடைசிப் பலகையில் போய் உட்காருவாள். மாலையிலும் அதே பலகைதான், ஆனால் படகு திரும்பாததால் அதுவே முதல் பலகையாகியிருக்கும்.

“நான் இடம் மாறவே இல்லம்மா, ஆனா ஜெயிச்சுட்டேன்” என்பாள் தினமும்.

அம்மாவுக்கு இருந்த கவலை வேறு. சலவைக்கூட மேற்பார்வையாளர் சொல்லிவிட்டார்: “இன்னொரு நாள் லேட்டா வந்தீங்கன்னா, உங்க இஸ்திரிப் பெட்டியை வேற ஆள் தூக்கிடுவாங்கம்மா.” அந்தப் பெட்டியின் சூட்டில்தான் அவர்கள் வீட்டு அடுப்பும் எரிந்தது.

இப்படி இருக்கையில் படகுப் போக்குவரத்து அலுவலகத்துக்குப் புதிய அதிகாரி வந்தார். வெளியூரில் பயிற்சி முடித்து, பயிற்சிப் பையோடு நேராகப் படகுத்துறைக்கே வந்து கூட்டம் போட்டார்.

“இலவசமாகக் கிடைப்பதை மக்கள் மதிப்பதில்லை. மதிக்கப்படாத படகு, படகே அல்ல. எனவே, கட்டணம் வேண்டுமா என்று பொதுமக்களின் மேலான கருத்து கோரப்படுகிறது.”

“வேண்டாம்!” என்றது துறை முழுவதும். எல்லாரையும்விடச் சத்தமாகச் சொன்னவர் வங்கிக் காசாளர். “எங்கப்பா காலத்துலேருந்து சும்மா போய்ட்டிருக்கோம் சார். காசு கேட்டீங்கன்னா நீந்தியே போயிடுவோம்!” காசாளருக்கு நீச்சல் தெரியாது. ஆனாலும் கைதட்டல் பலமாக இருந்தது.

அதிகாரி கருத்துகளைப் பரிசீலித்தார். முடிவு மறுநாள் ஒட்டப்பட்டது: ‘வேண்டாம் என்ற கருத்து பொதுமக்களால் இலவசமாக வழங்கப்பட்டது. ஆகவே அதற்கு மதிப்பில்லை.’ இருந்தாலும் அவர் ஈரநெஞ்சுக்காரர். படகின் குறுக்கே ஒரு மஞ்சள் கயிறு கட்டச் சொன்னார். கயிற்றுக்கு முன்னால் மதிப்புப் பகுதி, கட்டணம் உண்டு. பின்னால் பொதுப் பகுதி, கட்டணம் இல்லை.

“முன்னாடி என்ன சார் விசேஷம்?” என்று தையற்காரர் கேட்டார்.

“முன்பாதியில் பயணம் செய்பவர், பின்பாதிக்காரரைவிட முன்னதாகக் கரையை அடைவார்.”

“எவ்வளவு முன்னாடி?”

“அரைப் படகு.”

முதல் நாள் காலை முன்பாதியில் அதிகாரி மட்டும் காசு கொடுத்துத் தனியாக உட்கார்ந்திருந்தார். மற்ற எல்லாரும் பின்பாதியில் நெருக்கியடித்துக்கொண்டு, அவருடைய முதுகைப் பார்த்துச் சிரித்தபடி வந்தார்கள். மாலையில் பட்டாணி வழக்கமான பலகையில் உட்கார்ந்தாள். டிக்கெட் பரிசோதகர் வந்தார்.

“பாப்பா, காசு.”

“இது பின்பாதிண்ணா. காலையில நீங்கதானே சொன்னீங்க?”

“அது காலையில. இப்ப இது முன்பாதி.”

“நான் எந்திரிக்கவே இல்லையே!”

“நீ எந்திரிக்கல. முன்பாதிதான் எந்திரிச்சு உன்கிட்ட வந்திருக்கு.”

அதே நேரத்தில், கட்டணம் செலுத்திய தாம் பொதுப் பகுதியில் அமர்ந்திருப்பதை அதிகாரியும் கண்டுபிடித்தார். நிலைமை தீவிரமானது. அங்கேயே உத்தரவு போட்டார்: இனி படகு ஒவ்வொரு கரையிலும் திரும்ப வேண்டும்.

“சார், திரும்ப வேண்டாம்னுதானே இப்படிக் கட்டியிருக்காங்க” என்றார் படகோட்டி.

“திருப்பும் ஒவ்வொரு முறைக்கும் சுற்றுப்படி வழங்கப்படும்.”

படகோட்டிக்கு மேற்கொண்டு சந்தேகம் எழவில்லை. அன்று முதல் படகு, படுக்கப் போகிற நாய் மாதிரி, கரைக்குக் கரை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் புறப்பட்டது. பட்டாணிக்கு ஜெயிப்பது நின்றுபோயிற்று. சுற்றுவதிலேயே நேரம் போனதால், அம்மா விடிந்ததும் விடியாததுமாக முதல் படகைப் பிடிக்கத் தொடங்கினார்.

கொஞ்ச நாளில் ஒரு காலை, காசாளர் ஓட்டமும் நடையுமாக வந்தார். பின்பாதியில் இடமில்லை. அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, காசைக் கொடுத்து, கயிற்றைத் தாண்டி உட்கார்ந்தார்.

“என்னண்ணே, நீந்தலையா?” என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார்.

“அவசரம்ப்பா, அதான்.”

மறுநாள் அவசரமில்லை, ஆனாலும் முன்னால்தான் உட்கார்ந்தார். அதற்கடுத்த நாள் அவருடைய தம்பி மனைவி அவர் பக்கத்தில் இருந்தார். காசாளர் குடும்பமே முன்னால் போகும்போது, அவருக்குச் சட்டை தைப்பவர் மட்டும் பின்னால் இருந்தால் தொழில் என்னாவது? தையற்காரரும் போனார். சம்பந்தம் பேச வந்தவர்கள் பையனின் படிப்பைக் கேட்பதற்கு முன் “படகுல எந்தப் பக்கம்?” என்று கேட்டார்கள். “முன்பக்கம்” என்றால் மேற்கொண்டு பேசினார்கள். பின்பாதியில் உட்கார்ந்தால் தலை சுற்றுகிறது என்றும், அந்தக் காற்று உடம்புக்கு ஆகாது என்றும் ஊரே சொல்லத் தொடங்கியது. சந்தையில் வட்டிக்குக் கடன் வாங்கித் தம் பிள்ளைகளை முன்பாதியில் அனுப்பியவர்களும் உண்டு.

கடைசியில் பின்பாதியில் மிஞ்சியது இஸ்திரிக்காரம்மாவும் பட்டாணியும்தான்.

“நாமளும் முன்னாடி போலாமாம்மா?”

“போலாம். அப்புறம் சாயங்காலம் காத்தைத்தான் சாப்பிடணும். பரவாயில்லையா?”

பட்டாணி யோசித்துப் பார்த்து, பின்னாலேயே இருக்கலாம் என்றாள்.

ஆனால் படகு யோசிக்கவில்லை. ஊர் முழுவதும் முன்னால் உட்கார்ந்தால் அது மூக்கைத் தண்ணீரில் விடாமல் என்ன செய்யும்? முன்பாதிக்காரர்களின் செருப்பெல்லாம் நனைந்தது.

“நாலு பேர் எந்திரிச்சுப் பின்னாடி போனா சரியாப்போயிடும்” என்று படகோட்டி கத்தினார்.

எல்லாரும் அடுத்தவரைப் பார்த்தார்கள். காசாளர் கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டிவிட்டுக்கொண்டு, “கால் நனைஞ்சாலும் பரவாயில்ல, கௌரவம் காய்ஞ்சிருக்கணும்” என்றார்.

செய்தி அதிகாரிக்குப் போயிற்று. அவர் ஆலோசித்து, பின்பாதி முழுவதும் மணல் மூட்டைகளை அடுக்கச் செய்தார். பலகைக்குப் பலகை மூட்டைகள் வரிசையாக உட்கார்ந்தன. படகு நிமிர்ந்தது. ஆனால் பாரம் கூடிவிட்டதே! முன்பாதியில் முன்போல அத்தனை பேரை ஏற்ற முடியவில்லை. காசைக் கையில் வைத்துக்கொண்டு தினமும் சிலர் கரையிலேயே நின்றார்கள்.

முதல் நாள் கரையில் நின்றவர்களில், கையில் காசில்லாத இஸ்திரிக்காரம்மாவும் பட்டாணியும் இருந்தார்கள்.

“பின்பாதி நிறைஞ்சிடுச்சும்மா” என்றார் பரிசோதகர்.

“அது மூட்டைதானே தம்பி? அதுக்கு டிக்கெட் உண்டா?”

“பின்பாதி இலவசம்மா. மூட்டைக்கு எதுக்கு டிக்கெட்?”

“எங்களுக்கும் இலவசம்தானே?”

“நீங்க ரெண்டு வேளை வந்துட்டு இறங்கிப் போயிடுறீங்க. மூட்டை நாள் முழுக்க இருக்கு. சேவையைத் தொடர்ந்து பயன்படுத்துறவங்களுக்குத்தான் முன்னுரிமை.”

படகின் சங்கு ஊதியது. அம்மாவின் முகம் போன போக்கைப் பார்த்த பட்டாணி, “அண்ணா, ஒரு மூட்டையை இறக்கிட்டு எங்களை மூட்டைன்னு வெச்சுக்கோங்களேன்” என்றாள்.

பரிசோதகர் சிரிக்கவில்லை. அலுவலகத்தில் வேலை பார்ப்பவருக்கு இது சிரிக்கிற விஷயமாகத் தோன்றாது. அவர் அதிகாரியை அழைத்து வந்தார். துறையிலிருந்த எடைமேடையில் அம்மாவை நிறுத்தினார்கள். ஒரு மூட்டைக்குக் கொஞ்சம் குறைந்தது. பட்டாணியையும் ஏற்றினார்கள். கொஞ்சம் கூடியது. கொஞ்சம் குறைவதையும் கொஞ்சம் கூடுவதையும் ஒன்றுக்கொன்று நேர்செய்து, இருவரும் சேர்ந்து ஒரு மூட்டை என்று அதிகாரி தீர்ப்பளித்தார்.

“அக்கரையில இறங்கிடுவாங்களே சார்?” என்றார் பரிசோதகர்.

“மூட்டையிலிருந்து மணல் கசிவது இயற்கை. அதைக் கசிவாகக் கருதிக்கொள்ளுங்கள். ஆனால் அம்மா, பயணத்தின்போது நீங்கள் பேசக் கூடாது. மூட்டைகள் பேசுவதில்லை.”

இஸ்திரிக்காரம்மா வாயை மூடிக்கொண்டு ஏறினார். அன்று மட்டுமல்ல, பிறகு எந்த நாளும் அவர் வேலைக்குத் தாமதமாகப் போகவில்லை. ஏனென்றால் மூட்டையைக் கரையில் விட்டுவிட்டுப் படகு புறப்படாது.

இது பொறுக்குமா?

“காசு குடுத்த நாங்க கரையில நிக்கிறோம், காசு குடுக்காத மூட்டை ஜம்முனு போகுது!” என்று காசாளர் கொதித்தார். “ஓசிப் பயணத்தை ஒழிக்கணும் சார்!”

அதிகாரி மறுபடியும் கூட்டம் போட்டார். பின்பாதிக்கும் கட்டணம் வேண்டுமா? “வேணும்!” என்றது துறை முழுவதும். முதல் கூட்டத்தில் கத்திய அதே தொண்டைகள்தான். இம்முறை அவை காசு கொடுத்த தொண்டைகள் என்பதால் கருத்துக்கு மதிப்பு இருந்தது.

“பின்பாதிப் பயணிகளின் கருத்தையும் கேட்பதே முறை” என்று சொல்லி, அதிகாரி படகின் பக்கம் திரும்பினார். மூட்டைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. அவற்றின் நடுவிலிருந்து ஒரு கை உயர்ந்தது.

“எனக்கு ஆட்சேபம் இருக்குங்க” என்றார் இஸ்திரிக்காரம்மா.

“அம்மா, நீங்கள் மூட்டைக் கணக்கில் வருகிறீர்கள். மற்ற மூட்டைகள் என்ன சொல்கின்றன?”

அதிகாரி பொறுமையாகக் காத்திருந்தார். நியாயமான மனிதர், போதிய அவகாசம் கொடுத்தார். பிறகு அறிவித்தார்: “மூட்டைகளுக்கு ஆட்சேபம் இல்லை.”

மறுநாள் காலையிலிருந்து படகு முழுவதற்கும் கட்டணம். பரிசோதகரின் கையில் புதுக் கருவி ஒன்று. அதில் இரண்டே பொத்தான்கள்: பயணி, மூட்டை. பயணிகள் அவரவர் காசைக் கொடுத்தார்கள். மூட்டைகள் அலுவலகத்தின் உடைமை. ஆகவே அவற்றின் கட்டணத்தை, பயணிகள் கொடுத்த காசிலிருந்து அலுவலகமே செலுத்தியது. பரிசோதகர் ஒவ்வொரு மூட்டையின் வாய்க்கட்டிலும் ஒரு டிக்கெட்டைச் செருகிக்கொண்டே வந்தார். அதே கணக்கில் இஸ்திரிக்காரம்மாவின் கைப்பை வாரிலும் ஒன்றைச் செருகினார்.

முன்பாதிக்காரர்கள் திரும்பிப் பார்த்து மனக்கணக்குப் போட்டார்கள். தையற்காரர் மெல்ல இறங்கி எடைமேடைப் பக்கம் போய், அங்கிருந்த ஊழியரிடம், “தம்பி, நான் ஒரு ஒன்றரை மூட்டை தேறுவேனா?” என்று காதோடு காதாகக் கேட்டார்.

பட்டாணியிடம் வந்தபோது கருவி நின்றது. ஒரு டிக்கெட்டுக்கு ஒரு தலைதான்.

“இனிமே ரெண்டு பேர் ஒரு மூட்டையாகப் போக முடியாது பாப்பா. நீ தனியா. பயணியா, மூட்டையா?”

“மனுஷப் பிறவி எடுத்துட்டு மூட்டையாவா போகணும்?” என்று காசாளர் எழுந்து வந்தார். அவர் மனம் உண்மையிலேயே இளகியிருந்தது. “நீ முன்னாடி வாம்மா. உனக்குத் தினமும் நான் காசு தர்றேன். தண்ணி தெரியும், வேடிக்கை பார்க்கலாம், வாய் நிறையப் பேசலாம். அரைப் படகு முன்னாடி போயிடலாம்.”

அம்மா எதுவும் சொல்லவில்லை. படகில் ஏறியாகிவிட்டதால் அவர் பேசக் கூடாது.

பட்டாணி முன்பாதியைப் பார்த்தாள். பின்பாதியைப் பார்த்தாள். பரிசோதகரின் விரல் இரண்டு பொத்தான்களுக்கும் நடுவில் காத்திருந்தது. சங்கு ஊதியது.

“மூட்டை” என்றாள் பட்டாணி.