சிம்ம ராசிக்கு மங்கி குல்லா

சனிக்கிழமை சாயங்காலம் ஆனால் போதும், துபாய் அல் குசைஸில் ஒரு உணவகத்தின் மாடிப்படியில் கால் வைக்க இடம் இருக்காது. கீழே பரோட்டாவுக்கு நிற்கும் வரிசை சின்னது. மேலே தொப்பிக்கு நிற்கும் வரிசை தெருவரைக்கும் நீளும். தொப்பி என்றால் வெயிலுக்கும் குளிருக்கும் போடுகிற சாதாரணத் தொப்பி என்றா நினைத்தீர்கள்? இது ராசித் தொப்பி. நீங்கள் உங்கள் ராசியைச் சொன்னால் போதும். மேலே உட்கார்ந்திருக்கும் சாமியார் சிரசானந்தர் கண்ணை மூடுவார், உதட்டை அசைப்பார், ஒரு தொப்பியை எடுத்து மூன்று முறை ஊதுவார், உங்கள் தலையில் மாட்டுவார். ஒரு வாரச் சாப்பாட்டுக் காசு அவர் பைக்குள் போய்விடும்.

மந்திரம் மாயம் என்று பலகை வைத்தால் இந்த ஊர் போலீஸ் உள்ளே தூக்கிப் போட்டுவிடும். அதனால் வாசலில் ‘தலைநல ஆலோசனை’ என்று அட்டை மாட்டியிருந்தார். ஊரில் எல்லாருடைய எதிர்காலமும் தெரிந்த மகானுக்கு, போலீஸ் எப்போது வரும் என்பது மட்டும் தெரியவில்லை போலிருக்கிறது, பாவம்.

பெற்றவர்கள் வைத்த பெயர் பாலமுரளி. மஸ்கட்டில், ரூவியில் செல்போன் உறை விற்றுக்கொண்டிருந்தவர். போனுக்கு உறை விற்று வராத காசு தலைக்கு உறை விற்றால் வரும் என்று ஒரு நாள் ஞானம் பிறந்திருக்கிறது. துபாய்க்குப் பஸ் ஏறிவிட்டார்.

அவருக்கு வசமாக மாட்டியது எங்கள் மலையேற்றக் குழு. நாங்கள் எல்லாரும் ஒரே வேனில் அடங்குகிற கூட்டம்தான். சாரம் கட்டுகிறவர் இருக்கிறார், நர்ஸ் இருக்கிறார், கணக்கு எழுதுகிறவர் இருக்கிறார், கம்ப்யூட்டர் எஞ்சினியரும் இருக்கிறார். வாரம் முழுக்க டியூட்டி பார்த்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை விடியுமுன் மலைக்குக் கிளம்பிவிடுவோம். வேன் ஓட்டுகிறவன் நான். சிரசானந்தர் எங்களுக்கென்றே ஒரு தத்துவம் கண்டுபிடித்து வைத்திருந்தார். மலை ஏறுகிறவன் கிரகங்களுக்குப் பக்கத்தில் போகிறானாம். கீழே இருப்பவனைவிட அவனுக்குத்தான் கிரக வீச்சு அதிகமாம். கம்ப்யூட்டர் எஞ்சினியர் இதைக் கேட்டு, ஆமாம், லாஜிக் சரியாகத்தான் இருக்கிறது என்றார். நாலு வருஷம் காலேஜில் என்னதான் சொல்லிக்கொடுத்தார்களோ!

போன தை மாதம் ஜெபல் ஜைஸ் உச்சிக்குப் போனோம். காற்று காதைப் பிய்க்கிற குளிர். எங்கள் குழுத்தலைவர் வீரபாண்டிக்குக் கடக ராசி. கடகத்துக்கு அதிபதி சந்திரன், சந்திரனே குளிர்ச்சி, குளிர் உங்களைக் கண்டால் சொந்தக்காரனைக் கண்ட மாதிரி ஒதுங்கிப் போகும் என்று சொல்லி, ஓட்டை ஓட்டையாக இருக்கும் வெள்ளை வலைத் தொப்பியைக் கொடுத்திருந்தார் சிரசானந்தர். சொந்தக்காரன் ஒதுங்கவில்லை, இரண்டு காதிலும் புகுந்து குடும்பம் நடத்தினான். வீரபாண்டி ஒரு வாரம் காதுவலியில் துடித்தார். ஆனாலும் தொப்பியைச் சந்தேகப்படவில்லை. ஊதின காற்று போதவில்லை என்று மறுபடி போய் ஊதிக்கொண்டு வந்தார்.

காதுவலியோடு போனதால் அதைச் சிரிப்பாகச் சொல்கிறேன். கார்மேகம் விஷயம் அப்படி இல்லை.

கார்மேகத்துக்கு ஊர் கமுதிப் பக்கம். எங்களில் சாரம் கட்டுகிறவர் அவர்தான். சிம்ம ராசி, அஷ்டமச் சனி நடக்கிறது. வேலை ஒப்பந்தம் முடிகிற நேரம். புதுப்பிப்பார்களா, ஊருக்கு அனுப்புவார்களா என்று தெரியாமல் மனுஷன் தூக்கமில்லாமல் கிடந்தார். ஊரில் இருக்கும் மனைவி பூவாயி தினமும் போனில் அதையேதான் கேட்பார். பயந்தவனை விட வசதியான வாடிக்கையாளர் உண்டா? சிரசானந்தர் அவர் தலையில் கறுப்புக் கம்பளி மங்கி குல்லாவை மாட்டினார். கழுத்து, காது, கன்னம் எல்லாம் மூடி, மூக்கும் கண்ணும் மட்டும் தெரியும். கறுப்பு சனிக்குப் பிடித்த நிறம். வெயில்? சிம்மத்துக்கு அதிபதியே சூரியன்தானே, சொந்த வீட்டுப் பிள்ளையைச் சூரியன் சுடுவானா? “நானும் சிம்மந்தான், பயப்படாதீர்” என்று தோளில் வேறு தட்டிக்கொடுத்தார்.

அந்தக் குல்லாவோடு அக்டோபர் மாதம் ஹத்தா மலையில் நண்பகலில் ஏறினார் கார்மேகம். பாறை அடுப்பு மாதிரி கொதித்தது. பாதி வழியில் பேச்சு குழறியது, அப்படியே சரிந்துவிட்டார். கூட வந்த நர்ஸ் லீமாதான் ஓடிப்போய்க் குல்லாவைப் பிடுங்கி எறிந்து, தண்ணீரை ஊற்றி, நிழலுக்கு இழுத்து, விசிறி, உயிரை மீட்டார். லீமாவுக்கு ஊர் குளச்சல். தலையில் அகலமான விளிம்பு வைத்த வெளிர் நிறத் தொப்பி, பின்கழுத்துக்குத் தொங்கும் துணி. ராசி கேட்டு வாங்கியதில்லை, வெயிலைப் பார்த்து வாங்கியது.

கண் விழித்த கார்மேகம் முதலில் கேட்டது குல்லாவைத்தான். அது இல்லாததால்தான் மயக்கம் வந்ததாம். போட்டிருக்கும்போதே விழுந்ததை அவருக்கு யார் சொல்லியும் ஏறவில்லை. சிரசானந்தர் இன்னும் ஒரு படி மேலே போனார். குல்லா இல்லாவிட்டால் உயிரே போயிருக்கும் என்றார். அந்த வாரம் மங்கி குல்லா விற்றுத் தீர்ந்தது. போதாததற்குக் கார்மேகத்துக்கு ஒரு பரிகாரமும் சொன்னார்: வருகிற ஞாயிறு அதே மலை, அதே உச்சி வெயில், அதே குல்லா. உச்சியைத் தொடும்வரை குல்லாவைக் கழற்றக் கூடாது, தண்ணீர் குடிக்கக் கூடாது. ஏறி முடித்தால் சனி விலகும், ஒப்பந்தம் புதுசாகும்.

வேனை எடுக்க மாட்டேன் என்றேன். டாக்ஸியில் போய்க்கொள்கிறேன் என்றார் கார்மேகம். லீமா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “இன்னொரு தடவை இப்படி விழுந்தா என்னால எழுப்ப முடியாது அண்ணே” என்றார்.

சனிக்கிழமை சபைக்கு லீமாவும் வந்தார். சபையில் வழக்கமான வித்தை நடந்துகொண்டிருந்தது. பக்தர் கையை நேராக நீட்ட வேண்டும். கடையில் வாங்கிய தொப்பியைத் தலையில் வைத்துச் சிரசானந்தர் கையை அழுத்துவார். கை பொத்தென்று விழும். ஊதிய தொப்பியை வைத்து அழுத்துவார்; கை இரும்பாக நிற்கும். “கடையிலும் இதே தொப்பிதான் கிடைக்கும், ஆனால் அது வெறும் கம்பளி” என்று உள்ளே தைத்த மஞ்சள் நூலைக் காட்டுவார். கூட்டம் மெய்சிலிர்க்கும்.

லீமா எழுந்து, ரொம்பப் பணிவாக, சாமி கையாலேயே ஒரு சோதனை செய்து காட்டினால் நம்பாதவர்கள் வாயும் அடைபடுமே என்றார். புகழுக்கு ஆசைப்பட்டவர் உடனே தலையாட்டினார். திரைக்குப் பின்னால் லீமா கார்மேகத்தின் கண்ணைக் கட்டி, தலையில் ஒரு குல்லாவை மாட்டி அழைத்து வருவார். சாமி அழுத்திப் பார்க்க வேண்டும். பிறகு இன்னொரு முறை. எந்த முறை இருந்தது ஊதிய குல்லா என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

முதல் முறை அழுத்தினார். கை விழுந்தது. கடைச் சரக்கு என்று உதட்டைப் பிதுக்கினார். இரண்டாம் முறை அழுத்தினார். கை அசையவில்லை. சிரசானந்தர் கூட்டத்தைப் பார்த்துக் கம்பீரமாகச் சொன்னார்: “சனி பகவானே வந்து தொங்கினாலும் இந்தக் கை இறங்காது. இதுதான் நான் உரு ஏற்றிய குல்லா.”

கைதட்டல் அடங்கும்வரை லீமா காத்திருந்தார். கார்மேகத்தின் தலையிலிருந்து குல்லாவைக் கழற்றி உள்பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். மஞ்சள் நூல் இல்லை. முதல் குல்லாவையும் திருப்பினார். அதிலும் இல்லை. இரண்டுமே அன்று மத்தியானம் தேரா சந்தையில் ஒரு மொத்தக் கடையில் வாங்கியவை. பிறகு என்னைக் கூப்பிட்டார். கடைசி வரிசையில், நாலைந்து சிம்மங்களுக்கு நடுவே, கார்மேகத்தின் குல்லாவை மாட்டிக்கொண்டு வியர்த்து வழிந்துகொண்டிருந்தவன் நான்தான். கழற்றித் திருப்பினேன். மஞ்சள் நூல் பளிச்சென்று தெரிந்தது.

லீமா வீரபாண்டியின் கையை நீட்டச் சொல்லி, வெறுந்தலையோடே வித்தையைச் செய்து காட்டினார். மணிக்கட்டில் வெடுக்கென்று அழுத்தினால் கை விழுகிறது. முழங்கைக்குப் பக்கத்தில் மெதுவாக அழுத்தினால் நிற்கிறது. தொப்பிக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. வீரபாண்டி தன் கையையே புதுசாகப் பார்த்தார், பிறகு காதைத் தடவிக்கொண்டார்.

சிரசானந்தர் லேசுப்பட்ட ஆளா? என் தலையில் இருந்த குல்லாவிலிருந்து அலை கிளம்பி, கூட்டத்தைத் தாண்டி, கடைக் குல்லாவுக்குள் பாய்ந்துவிட்டது என்று ஆரம்பித்தார். லீமா குறுக்கே பேசவில்லை. முடித்ததும் சொன்னார்: “சரி சாமி. நீங்களும் சிம்மந்தானே. நாளைக்கு உச்சி வெயில்ல இந்தக் குல்லாவப் போட்டுட்டு கார்மேகம் அண்ணன்கூட நீங்களும் மலை ஏறுங்க. உங்களுக்குத் தண்ணி வேணும்னா குடிச்சுக்கோங்க.”

எல்லாரும் சாமியைப் பார்த்தார்கள். சாமி நெற்றியைத் துடைத்தார். செந்தமிழ் எங்கே போனதோ தெரியவில்லை.

“இல்லம்மா, எனக்கு வெயில் ஒத்துக்காது. தலைவலி வந்துரும்.”

கார்மேகம் கண்கட்டை அவிழ்த்தார். அவர் குரல் உயரவே இல்லை.

“அப்ப எனக்கு மட்டும் தகரத்துலயா தலை செஞ்சு வச்சிருக்கு, சாமி?”

அவ்வளவுதான். வீரபாண்டி கொடுத்த காசைக் கேட்டு எழுந்தார், பின்னாலேயே பத்துப் பேர் எழுந்தார்கள். கூட்டம் எழுந்த வேகத்தில் சிரசானந்தர் பின்பக்கப் படிக்கட்டைக் கண்டுபிடித்துவிட்டார். அவருடைய ஞானதிருஷ்டி சரியாக வேலை செய்ததை அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தேன்.

கார்மேகம் தரையில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதார். பிறகு, சிஸ்டர் போடுகிற மாதிரித் தொப்பி எங்கே கிடைக்கும் என்று கேட்டார். லீமா பொறுமையாகச் சொன்னார். வெயிலுக்கு வெளிர் நிறம், காற்றுப் போகிற துணி, முகமும் காதும் கழுத்தும் நிழலில் இருக்கிற மாதிரி அகல விளிம்பு. குளிருக்குக் காதை மூடும் கம்பளி, வியர்வையில் நனைந்தால் மாற்றிக்கொள்ள இன்னொன்று. தண்ணீரை எப்போதும் குடிக்கலாம், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். உச்சி வெயிலில் எந்தத் தொப்பி போட்டாலும் மலை ஏற வேண்டாம்.

சாமியார் போய்விட்டாரே, இனி வரிசை கலைந்துவிடும் என்றுதான் நினைத்தேன். எங்கே கலைந்தது? அப்படியே திரும்பி லீமாவுக்கு முன்னால் நின்றது. முதல் ஆளாகக் கம்ப்யூட்டர் எஞ்சினியர், பயபக்தியோடு குனிந்து கேட்டார்: “சிஸ்டர், அப்ப மிதுன ராசிக்கு எந்தத் தொப்பி நல்லது?”

லீமா அவர் பக்கம் திரும்பினார்.

“சூரியன் எந்த ராசியில இருக்குன்னு பாக்காதீங்க அண்ணே. தலைக்கு மேல இருக்கான்னு பாருங்க.”

எஞ்சினியர் அண்ணாந்து கூரையைப் பார்த்தார். என்னத்தைச் சொல்ல! வெயிலுக்கும் குளிருக்கும் விதவிதமாகத் தொப்பி கடையில் கிடைக்கிறது ஐயா. அதற்கு உள்ளே வைக்க வேண்டிய மூளையை மட்டும் அவரவர்தான் கொண்டுபோக வேண்டும்.