மணி, மோட்டாரைப் போடு!

யோசிக்காமல் தப்புச் செய்கிறவர்களை உலகம் மன்னித்துவிடும். நான் யோசித்து, கட்டம் போட்ட தாளில் கணக்கெடுத்து, கீழே கையெழுத்தும் போட்டுத் தப்புச் செய்கிற ரகம். ஓசூரில் வண்டிகளுக்கு விளக்கு செய்யும் ஒரு கம்பெனியில் எனக்கு குவாலிட்டி இன்ஸ்பெக்டர் வேலை. லைனில் வரும் ஒவ்வொரு விளக்கையும் புரட்டிப் பார்த்து "இது சரி, இது சொத்தை" என்று பிரிக்கிறவள். அந்த மண்டைக்கனத்தை அப்படியே டிபன் பாக்ஸில் போட்டு வீட்டுக்கும் எடுத்து வந்ததால் வந்த வினை இது.

கல்யாணமாகி இரண்டாவது வருடம். லைன் லீடர் ஆக்குகிறோம் என்று கம்பெனியில் சொன்னார்கள். ஒரே நிபந்தனை, இனிமேல் ஷிப்ட் மாறி மாறி வரும். மத்திகிரியில் எங்கள் வீட்டில் இதைச் சொன்னதும் என் கணவர் சுரேஷ் "சூப்பர்" என்றார். மாமியார் அடுத்த வெங்காயத்தை உரித்தார். மாமனார் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "எதுக்கும் அக்காவ ஒரு வார்த்த கேட்டுக்கலாம்மா" என்றார்.

மாமனாரின் அக்கா ஜவளகிரியில் இருக்கிறார். எனக்குப் பெரியம்மா முறை. எங்கள் வீட்டு போர்வெல் எங்கே போடுவது, சுவருக்கு என்ன கலர் அடிப்பது, சுரேஷுக்கு யாரைக் கட்டுவது (அதாவது நான்) எல்லாம் அவர் தலையசைத்த பிறகு நடந்தவை. அவரிடமிருந்து போனில் பதில் வந்தது. "இவ ஷிப்டுக்குப் போய்ட்டா மோட்டார் யாரு போடுவா? வெளக்கு யாரு போடுவா? எந்தம்பிக்கு சுகர் மாத்திரைய யாரு ஞாபகப்படுத்துவா? ஞாயித்துக்கெழம நேர்ல வந்து பேசிக்கறேன்."

கேள்வி நியாயமானதுதான். மாமியாருக்கு மூட்டுவலி. மாமனார் வார்ப்படப் பட்டறையில் முப்பது வருடம் ஃபோர்மேனாக இருந்து ரிட்டயர் ஆனவர். நின்றது போதும் என்று முடிவெடுத்து அன்றைக்கு நாற்காலியில் உட்கார்ந்தவர், அதற்குப் பிறகு ஒரு சுவிட்சைத் தொட்டதாகச் சரித்திரம் இல்லை. சம்மட்டி சத்தத்தில் ஒரு காதும் மந்தம்.

அப்போதுதான் பீரோ மேல் தூசி படிந்து கிடந்த டப்பா ஞாபகத்துக்கு வந்தது. ரிஜெக்‌ஷனே இல்லாமல் ஒரு மாதம் ஓட்டியதற்காகக் கம்பெனி ஆண்டு விழாவில் எனக்குக் கொடுத்த பரிசு. பேசினால் கேட்டு வேலை செய்யும் மெஷின். லைட்டு, மோட்டார் எல்லாம் போடும், நேரத்துக்கு மாத்திரையையும் ஞாபகப்படுத்தும். ஞாயிற்றுக்கிழமை பெரியம்மா முன்னால் இதை ஓட்டிக் காட்டினால் அவருடைய மூன்று கேள்விக்கும் பதில் முடிந்தது. என் பதவியும் என் கையில்.

மெஷினுக்கு முதலில் ஒரு பெயர் வைக்க வேண்டுமாம். "உங்கள் வீட்டில் அடிக்கடி ஒலிக்காத, சுருக்கமான பெயரைத் தேர்வு செய்யவும்" என்று செயலி சொன்னது. வேறு யாராவதாக இருந்தால் வாய்க்கு வந்ததை வைத்துவிட்டுப் போயிருப்பார்கள். நான் குவாலிட்டி அல்லவா? ஒரு தாளில் பெயர்களை எழுதி ஃபிரிட்ஜ் கதவுக்குப் பின்னால் ஒட்டி, மூன்று நாள் யார் எதைச் சொன்னாலும் கோடு போட்டேன். மஞ்சு என்ற பெயர் முதல் நாளே அவுட். எங்கள் தெருவில் ஆண் மஞ்சு இரண்டு, பெண் மஞ்சு மூன்று. லட்சுமி பக்கத்து வீட்டு அம்மாவுக்கும் எதிர் வீட்டுப் பசுவுக்கும் பொது. சின்னு என்று கூப்பிட்டால் தெருவே திரும்பிப் பார்க்கும்.

மூன்று நாளில் ஒரு கோடுகூட விழாத பெயர் ஒன்றே ஒன்று. மணி.

பிறந்த வீட்டில், மத்தூரில், எங்கள் நாய்க்கு அந்தப் பெயர்தான். "மணி" என்றால் எங்கே இருந்தாலும் ஓடி வரும். மெஷினும் அப்படியே ஓடி வரட்டும் என்று சந்தோஷமாகப் பதிந்தேன்.

எங்கள் தொழிலில் ஒரு பாலபாடம் உண்டு. அளவு பூஜ்யம் என்று வந்தால் சந்தோஷப்படாதே, முதலில் கருவியைச் சந்தேகப்படு. ஒரு தமிழ் வீட்டில் மூன்று நாள் யாரும் "மணி என்ன?" என்றுகூடக் கேட்கவில்லையே, ஏன்? இந்தக் கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை. மாமியார் நேரம் கேட்பார், ஆனால் கன்னடத்தில் கேட்பார். "கண்டெ எஷ்டு?" கன்னடத்தில் கண்டெ என்றால் மணி. கடிகாரம் காட்டுவதும் அதுதான், கோயிலில் அடிப்பதும் அதுதான். இந்த எல்லையில் ஒரு வாக்கியம் தமிழில் பஸ் ஏறி, தெலுங்கில் டிக்கெட் எடுத்து, கன்னடத்தில் இறங்குவது தினமும் நடப்பது என்பதால் நான் அதைக் கண்டுகொள்ளவில்லை. கருகமணியை அவர் "கருப்புப் பாசி" என்றபோதும் கண்டுகொள்ளவில்லை.

மாமனாரின் பெயர் என் கல்யாணப் பத்திரிகையில் இருந்தது. சுப்பிரமணி. ஆனால் எனக்கு அவர் மாமா, தெருவுக்கு ஃபோர்மேன், மாமியாருக்கு "இந்தாங்க". அந்தப் பெயரின் பின்பாதியைச் சொல்லிக் கூப்பிடும் ஒரே ஜீவன் ஜவளகிரியில் இருந்தது.

சனிக்கிழமை மாமாவும் அத்தையும் கிருஷ்ணகிரிக்குக் கல்யாணத்துக்குப் போயிருந்த நேரத்தில் மெஷினை லைட்டோடும் மோட்டாரோடும் இணைத்து மாட்டினேன். மெஷினுக்கு எங்கள் ஊர்ப் பேச்சு புரியவில்லை. "லைட்ட அமத்து" என்றால் "மன்னிக்கவும், புரியவில்லை" என்றது. சரி, படித்த மெஷின் போலிருக்கிறது என்று "விளக்கை அணை" என்றேன். கிருஷ்ணகிரி அணையில் எத்தனை மதகு என்று ஆரம்பித்துவிட்டது. அரை நாள் அதனுடன் மல்லுக்கட்டி, "அமத்து" என்றால் என்ன என்று சொல்லிக் கொடுத்தேன். வீட்டில் வைஃபை கிடையாது. என் போனிலிருந்துதான் அதற்கு நெட்.

ஞாயிற்றுக்கிழமை காலை. சுரேஷ் ஓவர்டைம் போய்விட்டார். அத்தை, பெரியம்மாவை அழைத்து வரத் தெருமுனை பஸ் ஸ்டாப்புக்குப் போயிருந்தார். மாமா கொல்லைப்புறத்தில் கண்ணாடியை ஆணியில் மாட்டி முகச்சவரம் செய்துகொண்டிருந்தார். நான் சமையலறையில் சட்னி அரைத்துக்கொண்டிருந்தேன். பெரியம்மா வருவதற்குள் கடைசியாக ஒரு சோதனை பார்த்துவிடலாம் என்று, மிக்ஸி சத்தத்துக்கு மேலே ஹாலைப் பார்த்துக் கத்தினேன்.

"மணி! மோட்டார போடு!"

மோட்டார் ஓடவில்லை.

"மணி! காது செவிடா? மோட்டார போடுன்னு சொல்றேன்ல!"

கொல்லையில் மோட்டார் உறுமியது. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. உடனே அடுத்தது. "மணி! ஹால் லைட்ட போடு!" கொஞ்ச நேரம் ஆனது. (நெட் மெதுவாக இருக்கிறது போல என்று நினைத்துக்கொண்டேன்.) பிறகு ஹாலில் வெளிச்சம் வந்தது. "அமத்து!" அணைந்தது. "திரும்பப் போடு!" எரிந்தது. "நல்ல புள்ள!" என்று வாய்விட்டுப் பாராட்டினேன்.

மிக்ஸியை நிறுத்திவிட்டு, "மணி, டைம் என்னா?" என்றேன்.

"ஏழே முக்காலுங்க்கா" என்று ஹாலிலிருந்து பதில் வந்தது.

சத்தியமாகச் சொல்கிறேன், நான் அசந்துபோனேன். ஆண் குரலைத் தேர்ந்தெடுத்தது எனக்கு ஞாபகம் இருந்தது. ஆனால் நேற்று செய்தி வாசிக்கிறவர் மாதிரிப் பேசிய மெஷின், ஒரே ராத்திரியில் எங்கள் ஊர்ப் பேச்சைப் பிடித்துவிட்டதே! அக்கா என்று மரியாதை வேறு. கம்பெனிக்காரன் லேசுப்பட்டவன் இல்லை என்று நினைத்துக்கொண்டே மூன்றாவது கேள்விக்குப் போனேன்.

"மணி, சுகர் மாத்திர என்னாச்சு?"

"இதோ போட்டுக்கறேங்க்கா."

இங்கேதான் எனக்குச் சுருக்கென்றது. மெஷின் மாத்திரையை ஞாபகப்படுத்தும். அது எதற்கு மாத்திரை போட்டுக்கொள்ள வேண்டும்? திரும்பிப் பார்த்தால், மேடை மேல் என் போன் சார்ஜ் இல்லாமல் அணைந்து கிடக்கிறது. எப்போது அணைந்ததோ! நெட் இல்லை. நெட் இல்லாத மெஷின் வெறும் டப்பா. அப்படியானால் இவ்வளவு நேரம் வேலை செய்தது யார்?

ஹாலுக்கு ஓடினேன். மாமா நின்றுகொண்டிருந்தார். ஒரு கன்னம் மழமழ, ஒரு கன்னம் நுரை. ஒரு கையில் மாத்திரை அட்டை, இன்னொரு கை லைட் சுவிட்ச் மேல். பக்கத்துச் சந்து வழியாகக் கொல்லைக்கும் ஹாலுக்கும் ஓடியதில் மூச்சு வாங்கியது. மந்தக் காதுக்கு யார் குரல் என்று தெரியவில்லை. ஒரு பெண் குரல் மணி என்று கத்தி வேலை ஏவினால் அது அக்காதான் என்பது அவர் வாழ்நாள் அனுபவம். என்னைப் பார்த்தவர் எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, "அக்கா எங்கம்மா?" என்றார்.

"இங்க இருக்கறேன்" என்று வாசலிலிருந்து குரல் வந்தது.

வாசற்படியில் பெரியம்மா. இடுப்பில் ராகிமாவுப் பை. பின்னால் அத்தை. கேட்டுக்கு வெளியே பக்கத்து வீட்டு லட்சுமியம்மா, எதற்கும் இருக்கட்டும் என்று. "காது செவிடா" வரைக்கும் தெருவுக்கே கேட்டிருந்தது.

"ஏம்மா" என்று நிதானமாக ஆரம்பித்தார் பெரியம்மா. "மாமனாரப் பேரு சொல்லி, வாடா போடான்னு வேல வாங்கறதுதான் உங்க கம்பெனில குடுத்த டிரெயினிங்கா?"

லைன் லீடர் பதவி ஜவளகிரி பஸ் ஏறிப் போவது கண்ணுக்குத் தெரிந்தது. அழுகையும் வந்தது. "ஐயோ பெரியம்மா, மாமாவ இல்ல. அது மிஷின் பேரு" என்று டப்பாவைக் காட்டினேன்.

"மிஷினுக்கு எந்தம்பி பேரா வெச்ச?"

"மாமா பேருன்னு நெனச்சு வெக்கல பெரியம்மா. அது எங்க ஊட்டு நாய் பேரு!"

(சில வாக்கியங்கள் வாயை விட்டுக் கிளம்பிய பிறகுதான் அவை எங்கே போகின்றன என்று தெரிகிறது.)

மாமாவின் கன்னத்து நுரை ஒரு சொட்டு தரையில் விழுந்தது. அப்போது எங்கிருந்தோ ஒரு விநோத ஓசை கேட்டது. அத்தை சிரித்துக்கொண்டிருந்தார். முந்தானையால் வாயைப் பொத்தினார், முடியவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு மூட்டுவலியோடு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். அந்த வீட்டுக்கு நான் வந்ததிலிருந்து அவர் பல் தெரிந்து பார்த்தது அன்றைக்குத்தான்.

"முப்பத்தஞ்சு வருசம் அண்ணி" என்றார் பெரியம்மாவிடம், மூச்சு வாங்க. "அந்தப் பேரு வாயில வந்துரக் கூடாதுன்னு நான் டைம் கேக்கறதுக்கே அசலூரு பாஷய கடன் வாங்கிக்கினு இருக்கறேன். இவ வந்து ஒரே நாள்ல மோட்டாரே போட வெச்சுட்டாளே!"

"அப்ப நீங்க கன்னடம் பேசறவங்க இல்லியா அத்தை?" என்றேன்.

"நான் காவேரிப்பட்டணத்துக்காரி. எனக்குத் தெரிஞ்ச கன்னடமே கண்டெ எஷ்டு ஒண்ணுதான்."

என் மூன்று நாள் தாளும் அதன் பூஜ்யமும் அப்போதுதான் எனக்கு விளங்கின. அந்த வீட்டில் மணி என்ற சொல் ஒலிக்காமல் இருந்ததற்குக் காரணம், ஒரு மனுஷி முப்பத்தைந்து வருடமாக அதைச் சுற்றிக்கொண்டு நடந்தது. நான் அதன் மேலேயே வண்டியை ஏற்றியிருக்கிறேன்.

பெரியம்மா ராகிமாவுப் பையை இறக்கி வைத்தார். தம்பியை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். "ஏண்டா மணி, மோட்டார் நீதான் போட்டியா?"

"ஆமாங்க்கா."

"லைட்டு?"

"நான்தானுங்க்கா."

"மாத்திர?"

மாமா அவசரமாக மாத்திரையை வாயில் போட்டு, தண்ணீர்கூட இல்லாமல் விழுங்கிவிட்டுத் தலையாட்டினார்.

பெரியம்மா என் பக்கம் திரும்பினார். "நான் கேட்ட மூணுக்கும் பதில் வந்துருச்சு. இத்தினி நாளா ஒக்காந்து தின்னுக்கினு இருந்திருக்கறான். கையும் காலும் நல்லாத்தான் ஓடுது. நீ வேலைக்குப் போம்மா. இனிமே இவன் பாத்துக்குவான்." பிறகு மெஷினை ஒரு பார்வை பார்த்தார். "மொதல்ல அந்த டப்பாவுக்கு வேற பேரு வை. நாய் பேரு வேணாம்."

அப்படித்தான் நான் லைன் லீடர் ஆனேன். எங்கள் லைனில் யாருக்கும் இந்தக் கதை தெரியாது என்று இன்னமும் நம்பிக்கொண்டிருக்கிறேன். பெரியம்மா மட்டும் ஜவளகிரியிலிருந்து போன் செய்தால் முதல் கேள்வி, "மிஷின் ஓடுதா?" டப்பாவைக் கேட்கிறார் என்று புதிதாகக் கேட்பவர்கள் நினைப்பார்கள். "காலைல மாத்திர போட்டு, மோட்டாரும் போட்டுருச்சு பெரியம்மா" என்று பதில் சொல்லுவோம். மாமா பேப்பரைக் கொஞ்சம் மேலே தூக்கிக்கொள்வார்.

மெஷினுக்குப் புதுப் பெயரை அத்தைதான் வைத்தார். கூச்சமில்லாமல் தன் வாயில் வருகிற ஒரே பெயர் அதுதான் என்றார். கண்டெ.

பெயர் மாற்றிய அன்று அவரையே முதலில் கூப்பிடச் சொன்னோம். அத்தை டப்பாவுக்கு முன்னால் நின்று, புடவையைச் சரிசெய்துகொண்டு, "கண்டெ, மோட்டார் போடு" என்றார். கொல்லையில் மோட்டார் ஓடத் தொடங்கியது. ஹாலில் நாற்காலியிலிருந்து மாமாவும் எழுந்து நின்றார்.

"உங்கள இல்லீங்க, மிஷின" என்றார் அத்தை.

மாமா உட்காரவில்லை. செருப்பைத் தேடிக்கொண்டே சொன்னார்.

"முப்பத்தஞ்சு வருசமா உன் வாயில அது என் பேருதான்."