ஒரு தண்ணி போனா சுருங்கும்

ஒன்றுமே தெரியாதவனை நம்பிக் கடலில் இறங்கலாம். கொஞ்சம் தெரிந்தவனை நம்பி மட்டும் இறங்கக் கூடாது. நான் கொஞ்சம் தெரிந்தவன்.

புதுச்சேரிக் கடலில் நான்கே முறை ஸ்கூபா டைவ் செய்திருந்தேன். (அதில் ஒரு முறை மேலே வந்து வாந்தி எடுத்ததைத் தவிர வேறு சாதனை இல்லை.) அந்தத் தகுதியில், என் மனைவி விமலாவின் முதல் கடல் டைவுக்கு வேண்டிய சாமான்களை நான்தான் வாங்குவது என்று முடிவாயிற்று. முடிவு செய்தவனும் நானே.

விமலா பள்ளிக்கூடத்தில் விலங்கியல் டீச்சர். வருடக்கணக்காகக் கரும்பலகையில் மீன் வரைந்து அலுத்தவளுக்கு, கடலுக்குள் நீந்தும் மீனை ஒரு தடவையாவது பக்கத்தில் பார்த்துவிட வேண்டும் என்று ஆசை. ஆனால் தண்ணீர் என்றாலே பயம். அந்தப் பயத்தையும் விழுங்கிக்கொண்டு நீச்சல் குளத்தில் பயிற்சி எடுத்து, லீவும் வாங்கிவிட்டாள்.

ஸ்ரீரங்கத்து வீட்டிலிருந்து சென்னைக் கடைக்குப் போன் செய்தேன். வெட்சூட் என்பது குளிர் தாக்காமல் இருக்க உடம்போடு ஒட்டிப் போடும் ரப்பர் உடுப்பு. கடைக்காரர் படித்துப் படித்துச் சொன்னார்.

“சார், மாட்டுறதுக்கே சிரமமா இருந்தாதான் அது சரியான சைஸு.”

“நீங்க ரெண்டு சைஸ் பெருசாவே அனுப்புங்க. ஒரு தண்ணி போனா சுருங்கிடும்.”

“அது தண்ணியில போடுறதுக்குன்னே செஞ்சது சார்...”

“அதனாலதாங்க சொல்றேன்!”

(பள்ளிக்கூட யூனிஃபார்ம் முதல் கல்யாணச் சட்டை வரை இந்த விதிப்படி வாங்கிய பரம்பரை எங்களுடையது.) காலில் மாட்டும் துடுப்புகளையும் ஒரு சைஸ் கூட்டியே சொன்னேன்.

பார்சல் வந்ததும் விமலா போட்டுப் பார்த்தாள். “என்னங்க, இதுக்குள்ள இன்னொரு ஆளு நிக்கலாம் போலருக்கே?”

“கடல்ல இறங்கினா தெரியும் பாரு” என்றேன்.

தெரிந்தது. புதுச்சேரியில் படகிலிருந்து குதித்ததும் கழுத்து வழியாக உள்ளே புகுந்த கடல் வெளியே போகவே இல்லை. உடுப்பு தண்ணீர்ப் பையாக உப்பிக்கொண்டது. இடது காலிலிருந்து கழன்ற துடுப்பு அவளை விட்டுவிட்டுத் தனியாக ஆழத்துக்குப் போனது. பற்கள் தந்தியடிக்க நடுங்கியவளைப் பயிற்சியாளர் படகில் ஏற்றினார்.

“இந்த நடுக்கத்தோட அக்காவைக் கீழ கூட்டிப் போக முடியாது சார். யாரு இதை வாங்கினது?”

நான் அடிவானத்தைப் பார்த்தேன். மறுநாள் பலத்த காற்று, படகு கிளம்பவில்லை. அத்தோடு லீவும் தீர்ந்தது.

திரும்பி வரும் பஸ்ஸில் அவள் ஜன்னல் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். திட்டியிருந்தால் பிழைத்திருப்பேன். விழுப்புரம் தாண்டியபின், “ஒரு மீன்கூடப் பாக்கலங்க” என்றாள். அங்கேயே இறங்கி எங்காவது ஓடிவிடலாம் போல இருந்தது எனக்கு.

அடுத்த கோடையில் தன் தம்பியோடு மறுபடி கிளம்பினாள். “நானும் வரட்டுமா?” என்று மெல்லக் கேட்டேன்.

“வேணாங்க. கேஸ் சிலிண்டர் வருது, நீங்க இருங்க.”

வாடகைக்கு எடுத்த இறுக்கமான உடுப்பில், மீன் கூட்டத்துக்கு நடுவே அவள் மிதக்கும் படம் இப்போது எங்கள் ஹாலில் பெரிதாகத் தொங்குகிறது. அதில் அவள் கண்களில் அப்படி ஒரு சந்தோஷம். கல்யாண ஆல்பத்தில் தேடிப் பார்த்தேன், அது இல்லை.

இன்றைக்கும் எங்கள் குடும்பத்தில் சினிமாவுக்கோ கோயிலுக்கோ எல்லோரும் கிளம்பும்போது நான் செருப்பை மாட்டினால் போதும், மச்சினன் ஆரம்பித்துவிடுவான்.

“மாமா, சிலிண்டர் வருது, நீங்க இருங்க.”