சுமுகக் குழுவும் ஒரு தட்டும்

உலகில் அமைதியான நகரங்கள் பல இருக்கலாம். ஆனால் அந்த அமைதி கெட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளத் தமிழர்கள் தனியாக ஒரு குழு அமைத்துக் காத்துவரும் நகரம் ஓமானின் சோஹார் ஒன்றுதான். ஊருக்கு வெளியே அவர்கள் குடியிருக்கும் தெருவில் இருபக்கமும் உயரமான மதில்கள். மதிலுக்குப் பின்னே வெள்ளை வீடுகள். வீட்டுக்குள்ளே ஏசி. மனித முகம் பார்க்க வேண்டுமென்றால் யாராவது குப்பை போட வரும்வரை காத்திருக்க வேண்டும்.

இந்தச் சொர்க்கத்துக்குத்தான் வசந்தகுமாரி தன் கணவன் சிவசங்கரனோடு சென்னையிலிருந்து வந்து சேர்ந்தாள். வந்த வாரமே 'புதிதாய் வந்தோர் சுமுக வாழ்வுக் குழு' அவர்களுக்கு வரவேற்பு அளித்தது. குழுத் தலைவர் அம்மையப்பன், சிவசங்கரன் வேலை பார்க்கும் ஆலையில் மேனேஜருக்கு மேனேஜர். சோஹாரில் பதினெட்டு வருட அனுபவம் உடையவர்.

"இட்லி மாவு எங்க கிடைக்கும்னு செயலாளர் ராதிகா சொல்லுவாங்க. அக்கம்பக்கத்தோட சுமுகமா இருங்க. சுமுகம்னா கார்லேர்ந்து கையை ஆட்டறது. கண்ணாடிய இறக்க வேண்டாம்" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள்.

வசந்தகுமாரி இரண்டு மாதம் சுமுகமாக இருந்தாள். கணவன் டியூட்டிக்குப் போனபின் வாஷிங் மெஷினோடு பேசினாள். அது பதில் சொல்வதுபோல் தோன்ற ஆரம்பித்தபோதுதான் அவளுக்குப் பயம் வந்தது.

ஒரு நாள் மாலை அழைப்பு மணி அடித்தது. பக்கத்து வீட்டு ஓமானியப் பெண் நஜீஹா ஒரு தட்டு நிறைய அல்வாவோடு நின்றாள். இருவருக்கும் பொதுவாக இருந்தது அரைகுறை ஹிந்தி. அது தாராளமாகப் போதுமானதாக இருந்தது.

அடுத்தவர் வீட்டுத் தட்டை வெறுமையாகத் திருப்பித் தரக் கூடாது என்று சொல்லி வளர்க்கப்பட்டவள் வசந்தகுமாரி. கேசரி வைத்துக் கொடுத்தாள். நஜீஹாவும் அப்படியே வளர்க்கப்பட்டவள் என்பது, மறுநாள் தட்டு பேரீச்சம்பழத்தோடு திரும்பி வந்தபோது தெரிந்தது. சுண்டல் போனது. ரொட்டி வந்தது. தேன்குழல் போனது. தட்டோடு வசந்தகுமாரியும் போய்ப் பேசிச் சிரித்துவிட்டு வர ஆரம்பித்தாள்.

குழு அவசரக் கூட்டம் கூட்டியது.

"இன்னைக்கு ஒரு தட்டு. நாளைக்கு எங்க பக்கத்து வீட்டுக்காரங்களும் எதிர்பார்த்தா? தினமும் யாரு சார் கேசரி கிண்டறது?" என்று ராதிகா கவலை தெரிவித்தாள்.

"அவங்கதானே முதல்ல குடுத்தாங்க" என்றாள் வசந்தகுமாரி.

"யார் ஆரம்பிச்சதுங்கறது முக்கியமில்லம்மா. எல்லாப் பிரச்சினையும் இப்படி ஒரு அல்வாவுலதான் ஆரம்பிக்குது" என்றார் அம்மையப்பன்.

தட்டைக் கழுவித் துடைத்து, வெறுமையாக, குழுவே நேரில் ஒப்படைத்து உறவைச் 'சுமுகமாக நிறைவு செய்வது' என்று ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேறியது.

"வெறும் தட்டை நீட்டினா மூஞ்சில அடிச்ச மாதிரிங்க. எனக்கு இந்த ஊர்ல வேற யார் இருக்கா?" என்று வீட்டுக்கு வந்து கேட்டாள் வசந்தகுமாரி.

"அவர் என் மேனேஜருக்கே மேனேஜர், வசந்தா" என்றான் சிவசங்கரன். அவளுக்கு ஆத்திரத்தில் அழுகை வந்தது. அழுதாள்.

மறுநாள் அம்மையப்பன் கோட்டு போட்டுக்கொண்டு, தட்டைக் கேடயம்போல் ஏந்தி நடந்தார். பின்னால் ராதிகா. அதற்கும் பின்னால் மனசே இல்லாமல் வசந்தகுமாரி. கதவைத் திறந்த நஜீஹாவின் கணவர் முகம்மது யூசுப், அம்மையப்பன் வாயைத் திறக்குமுன் எல்லோரையும் உள்ளே அழைத்துப்போய் உட்காரவைத்தார். சின்னக் கப்பில் ஏலக்காய் மணக்கும் காவா என்ற அரபுக் காப்பி வந்தது. குடித்து முடித்ததும் யூசுப் மறுபடி ஊற்றினார். வேண்டாம் என்றால் சுமுகம் கெட்டுவிடுமே என்று அம்மையப்பன் குடித்தார். மறுபடி ஊற்றினார். மறுபடி குடித்தார். அவர் நெற்றி வியர்த்தது.

"உங்களுக்கு மட்டும் ஏம்மா ஊத்த மாட்டேங்கறார்?" என்று வசந்தகுமாரியிடம் ரகசியமாகக் கேட்டார்.

"போதும்னா கப்பை இப்படி ஆட்டிக் குடுக்கணும் சார். இங்க சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும்."

இதுவரை காரிலிருந்து கையை மட்டும் ஆட்டிவந்த தலைவர், முதன்முறையாகக் கப்பை ஆட்டினார்.

அதற்குள் நஜீஹா அவர் மடியிலிருந்த தட்டைத் தானே எடுத்துப் போய், அல்வாவைக் குவித்துக் கொண்டுவந்து அவர் கையிலேயே கொடுத்தாள்.

"வீடு எங்கே, பாய்?" என்று யூசுப் ஹிந்தியில் விசாரித்தார்.

"எதிர் வீடு."

"அதுவா? காலியா இருக்குன்னு நெனச்சோம்" என்றார் யூசுப், வருத்தத்தோடு.

"ஊருக்கு வந்து எவ்வளவு நாளாச்சு?" என்று கேட்டாள் நஜீஹா.

அம்மையப்பன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். வசந்தகுமாரிக்கு இரக்கம் வரவில்லை. "பதினெட்டு வருஷம்" என்று அவளே சொன்னாள்.

நஜீஹா கொஞ்சம் யோசித்தாள். பிறகு மிகுந்த அன்போடு சொன்னாள்:

"பரவாயில்ல பாய். புதுசா வந்தவங்களுக்குப் பழகக் கொஞ்ச நாளாகும்."