புரோக்கர் அண்ணாச்சி முடித்து வைத்த கல்யாணங்கள்

தூத்துக்குடி வட்டாரத்திலேயே அதிகக் கல்யாணங்களை முடித்து வைத்த கட்டைப் பிரம்மச்சாரி எங்கள் புரோக்கர் அண்ணாச்சிதான். மாப்பிள்ளை யார், பெண் யார் என்று மட்டும் கேட்காதீர்கள். இரண்டும் எண்கள்.

துறைமுகத்துக்குப் பக்கத்தில் கடல் ஆய்வு ஆபீஸ் எங்களுடையது. முத்துச்சிப்பி விளையும் இடங்களில் மிதவைகள் போட்டிருந்தோம். ஒவ்வொரு மிதவையும் அலை, வெப்பம், உப்பு என்று எண்களை வரிசை வரிசையாக அனுப்பும். அந்த எண் அடுக்குக்கு 'அரே' என்று பெயர். எல்லா அரேயையும் சேர்த்து ஒன்றாக்க புரோகிராம் எழுதுவது அண்ணாச்சி வேலை. அதைக் கல்யாணம் என்றுதான் சொல்வார்.

"ஏலே, சும்மா கொண்டாந்து ஒட்டிர முடியாது. ஒண்ணுக்குக் கீழ ஒண்ணு வைக்கணும்னா அகலம் ஒத்து வரணும். பக்கத்துல பக்கத்துல வைக்கணும்னா நீளம் ஒத்து வரணும். பொருத்தம் பாக்காம முடிச்சா எர்ரர்தான்."

ஒருமுறை ஒரு மிதவை பழுதாகி உப்புக் கணக்கு வராமல் போனது. "பூஜ்யம் போட்டு ரொப்பிருவோமா?" என்றேன்.

"கடல்ல உப்பே இல்லேங்கியா? தெரியலைன்னு போடுலே, போதும்."

ஒட்டி முடித்ததும் எழுந்து நின்று கைகூப்பி, ஆபீஸ் முழுக்கக் கருப்பட்டி மிட்டாய் நீட்டுவார். டைரக்டர் போனில் யாரோடோ சண்டை போட்டுக்கொண்டிருந்தபோதுகூட வாயில் ஒன்றைத் திணித்துவிட்டார். சண்டை அதோடு நின்றது.

நாற்பத்தாறு வயதில் அவருக்கே ஓர் இடம் வந்தது. சாத்தான்குளத்து டீச்சர். "இதுவும் தட்டிப் போச்சுன்னா இனி நம்மள எவ பாப்பா?" என்றவர், சட்டை கசங்கிவிடும் என்று பஸ்ஸில் கடைசிவரை நின்றுகொண்டே போனாராம். திங்கட்கிழமை சுற்றி நின்று கேட்டோம்.

"என்ன வேலை பாக்கியன்னு கேட்டாவ. சொன்னேன்."

"எவ்வளவு நேரம் அண்ணாச்சி?"

"காப்பி ஆறி, திரும்பச் சுட வச்சுக் கொண்டாந்தாவ." சிரித்தார். "நம்ம பக்கம் நீளம் கூடிட்டுலே. ஒட்டல."

நாங்களும் விழுந்து விழுந்து சிரித்தோம். அப்புறம் வேறு இடம் வரவே இல்லை.

அதற்குப் பிறகு, சாயங்காலம் எல்லோரும் கிளம்பும்போது என்னை மட்டும் பிடித்துக்கொள்வார். "ஏலே, இன்னும் ரெண்டு கெடக்கு. ஒட்டிட்டுப் போவோமா?"

திரையைப் பார்ப்பேன். காலையில் நானும் கூட இருந்து சேர்த்து முடித்த அரேதான் அது. மனிதர் அதை நடுவில் வெட்டி இரண்டாக வைத்திருப்பார். வீட்டுக்குப் போனால் பேச ஆளில்லை, பாவம். என் லாட்ஜ் அறையிலும் அதே கதைதான். தெரிந்ததாக நான் ஒருநாளும் காட்டிக்கொண்டதில்லை. பையை இறக்கி வைத்துவிட்டு, "நகருங்க அண்ணாச்சி" என்று பக்கத்தில் உட்காருவேன். எவ்வளவு மெதுவாக ஒட்ட முடியுமோ, அவ்வளவு மெதுவாக ஒட்டுவேன்.